ரக் போடுவதா, விடுவதா: ஒரு ஃபெல் போனியின் குளிர்காலம்

போன குளிர்காலத்தில் எங்கள் போனி (மட்டக்குதிரை) பிராம்பிளுக்கு ரக், அதாவது குதிரைப் போர்வை, போட்டது ஒரே ஓர் இரவுதான். அது பனி கொட்டிய ஜனவரி இரவு அல்ல, வெப்பமானி 9 டிகிரி காட்டிய அக்டோபர் இரவு. மைனஸ் 8 வரை இறங்கிய இரவுகளில் அவள் தன் ரோமத்தோடு மட்டும் வெளியே நின்றாள், நன்றாகவே இருந்தாள். கேட்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் கணக்கு சரிதான். அந்தக் கணக்கைப் போட எதைப் பார்த்தோம், எதை அளந்தோம், எதைக் கட்டினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் புல்வெளி இருப்பது இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் ஈடன் பள்ளத்தாக்கில். கிழக்கே பென்னைன் மலைத்தொடர். அதன் உச்சியான கிராஸ் ஃபெல் 893 மீட்டர். வானம் தெளிந்த நாளில் வேலியோரம் நின்றாலே தெரியும். பிராம்பிள் ஒன்பது வயதுப் பெண் போனி, கறுப்பு, ஃபெல் இனம். இந்த மண்ணுக்கே உரிய மட்டக்குதிரை அது. அதே இனத்தின் மந்தைகள் இன்றும் கம்ப்ரியாவின் மலை மேய்ச்சல் நிலங்களில் கூரையில்லாமல் வாழ்கின்றன. உயரம் 13.2 ஹேண்ட், அதாவது 137 சென்டிமீட்டர். அவளுக்குத் துணையாக அதே புல்வெளியில் மெர்லின் என்கிற வெல்ஷ் மலைப் போனி, 26 வயதுக் கிழவன். அவனுக்கு வேறு கணக்கு, பின்னால் வருகிறேன்.

ரக் என்பது குதிரைக்குப் போடும் போர்வை. மார்பில் கொக்கிகள், வயிற்றுக்கடியில் குறுக்காகப் போகும் இரண்டு பட்டைகள், வாலுக்கு மேல் ஒரு மடிப்பு. வெளியே நிற்கும் குதிரைக்கானது நீர் புகாத துணியில் வரும். உள்ளே எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 0 கிராம் என்றால் வெறும் மழைக்கோட்டு, 100 லேசானது, 200 நடுத்தரம், 300க்கு மேல் கனமானது. குளிர்காலத்திலும் கடுமையாக வேலை செய்யும் குதிரைகளுக்கு, வியர்வை சீக்கிரம் உலரட்டும் என்று ரோமத்தை மெஷின் வைத்துக் கத்தரித்துவிடுவார்கள். கத்தரித்தால் ரக் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் சவாரி செய்வது மகள் மட்டும், அதுவும் வாரக் கடைசியில். அந்த அளவு வேலைக்குக் கத்தரிக்கத் தேவையில்லை. ஆகவே கேள்வி இதுதான்: ரோமம் முழுதாக உள்ள, இந்த ஊர்க் குளிருக்கென்றே பிறந்த ஒரு போனிக்கு மேலே ஒரு போர்வையும் வேண்டுமா?

சுற்றிலும் பார்த்தால் எல்லாக் குதிரைகளும் போட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. கடையில் கேட்டால் ஒரு அட்டவணை காட்டுவார்கள்: இத்தனை டிகிரி என்றால் இத்தனை கிராம். மகளும் அதைத்தான் சொன்னாள். "அப்பா, மத்த எல்லாமே ரக் போட்டிருக்கு. பிராம்பிள் மட்டும் சும்மா நிக்கிறா. பாவம்பா." அவள் அன்பில் குறையில்லை. ஆனால் அவள் அளந்தது தன் உடம்பின் குளிரை. நானும் தூத்துக்குடியில் வளர்ந்தவன். 12 டிகிரியிலேயே எனக்கு இரண்டு ஸ்வெட்டர் வேண்டும். துணி போடாத மனித உடம்பு, கூடுதலாக உழைக்காமல் தன் சூட்டைக் காத்துக்கொள்ள, சுற்றிலும் 27, 28 டிகிரி இருக்க வேண்டும். குதிரைக்கு அந்தக் கீழ் எல்லை, குளிருக்குப் பழகாத நிலையிலேயே 5 டிகிரிப் பக்கம். குளிருக்குப் பழகி, ரோமம் அடர்ந்து, வயிறு நிறையத் தீனியும் கிடைத்த வளர்ந்த குதிரைகளைக் கனடாவில் அளந்தபோது அது மைனஸ் 15 வரை இறங்கியது. முக்கியமான விஷயம் ஒன்று: இந்த எண்கள் எல்லாம் ரோமம் காய்ந்திருக்கும்போது, காற்று அடிக்காதபோது. மழையும் காற்றும் சேர்ந்தால் எல்லை மேலே ஏறிவிடும். கம்ப்ரியாவில் பிரச்சினை மழைதான். 2015 டிசம்பரில் இதே மாவட்டத்தின் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பிரிட்டனில் அதுவரை அளந்ததிலேயே அதிகம். கடையின் அட்டவணையில் மழைக்கு ஒரு பத்தியும் இல்லை, காற்றுக்கு ஒரு பத்தியும் இல்லை.

ஆக, வெப்பமானியை ஓரமாக வைத்துவிட்டுப் போனியைப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் ரோமம். குளிர்கால ரோமம் வளரத் தூண்டுவது குளிர் அல்ல, பகலின் நீளம். ஜூன் 21 தாண்டிப் பகல் குறையத் தொடங்கியதுமே உடம்பு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் பிராம்பிளின் கோடை ரோமம் கையோடு வந்தது. செப்டம்பரில் அடியில் பஞ்சு போன்ற ஒரு அடுக்கு தட்டுப்பட்டது. நவம்பர் நடுவில்தான் முழு ரோமம் வந்து சேர்ந்தது. அது இரண்டு அடுக்கு. அடியில் குட்டையான, நெருக்கமான, மெத்தென்ற முடி. அதற்கு மேல் நீளமான, முரட்டு முடி. மழை பெய்தால் மேல் முடிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கூராகி, தண்ணீரைக் கீழே வழித்துவிடும். நம் ஊர்க் கீற்றுக் கூரை வேலை செய்வதும் இப்படித்தான்: மேல் ஓலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், உள்ளே தரை காய்ந்திருக்கும். தோலிலிருந்து ஊறும் எண்ணெய்ப் பசையும் இதற்கு உதவுகிறது. அதனால் அக்டோபர் முதல் அவளை ஆழமாகத் தேய்த்துவிடுவதை நிறுத்தினோம். சேணம் உட்காரும் இடத்தில் காய்ந்த சேற்றை உதிர்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, அவ்வளவுதான். பளபளப்பாக வைத்துக்கொள்ள ஆசைப்படும் மகளுக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று. ஒவ்வொரு முடியின் வேரிலும் சின்னத் தசை ஒன்று உண்டு. குளிரும்போது அது முடியை நிமிர்த்தி, இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். சூடாக இருந்தால் படுக்க வைக்கும். ரக் போட்டால் அதன் கனத்தில் முடி படிந்துபோய், இந்த ஏற்பாடு நின்றுவிடும். மெல்லிய ரக் ஒன்றைக் குளிரில் போட்டுவிட்டால், அவளிடம் இருந்த காற்று அடுக்கை எடுத்துக்கொண்டு அதைவிடக் குறைவான ஒன்றைக் கொடுத்ததாகக்கூட ஆகலாம். போதாததற்கு, ரக் மூடாத வயிறும் கால்களும் வெளியேதான். நல்ல வெயில் வந்த மதியத்தில் உள்ளே வியர்க்கும், அவளால் கழற்றிப் போட முடியாது.

இரண்டாவது, வயிறு. குதிரையின் பெருங்குடலில் நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது சூடு உண்டாகிறது. ஒரு நாள் முழுக்க ஓயாமல் எரியும் அடுப்பு அதுதான். அதற்கு விறகு உலர்புல். நம் ஊர் வைக்கோல் அல்ல, கோடையில் அறுத்துக் காயவைத்த மேய்ச்சல் புல். ஆகவே குளிர் இரவு வருகிறது என்றால் முதலில் எடுக்க வேண்டியது ரக் அல்ல, இன்னும் கொஞ்சம் புல். தானியம் வேண்டியதில்லை.

மூன்றாவது, உடம்பில் ஏற்கெனவே உள்ள கொழுப்பு. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மலைப் போனி இனங்கள் எல்லாமே கோடையில் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் செலவழிக்கும்படி அமைந்தவை. செலவழிக்க விடாமல் போர்த்தி வைத்தால், மிச்சக் கொழுப்போடு வசந்தத்துக்குள் நுழையும். அங்கே ஏப்ரல் மாதத்துச் சர்க்கரை நிறைந்த புல் காத்திருக்கிறது. அதன் பிறகு லாமினைட்டிஸ், குளம்புக்குள் வரும் அந்தக் கொடிய அழற்சி. குளிரில் நடுங்கும் போனியைப் பார்த்து மனம் வலிப்பது நியாயம். ஆனால் லாமினைட்டிஸ் வந்த போனி ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி எடுத்து வைப்பதைப் பார்த்தவர்கள், குண்டான போனிக்கு ரக் போடுமுன் நிச்சயம் யோசிப்பார்கள்.

அதனால் அக்டோபர் முதல் வாரத்தில் டேப்பை எடுத்தோம். முன்னங்கால்களுக்குப் பின்னால் சுற்றளவு 170 சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளம் 147. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் தோராய எடை வரும். வந்தது 358. விலாவை விரல்களால் அழுத்தித்தான் தேட வேண்டியிருந்தது. கழுத்தின் மேல் விளிம்பு கெட்டியாக இருந்தது. 0 முதல் 5 வரையான உடல்நிலை அளவுகோலில் மூன்றரையைத் தாண்டும். இவளுக்கு 20 கிலோவுக்கு மேல் இறங்கினாலும் நல்லதுதான் என்று அன்றைக்கே முடிவு.

இத்தனையும் சொல்லிவிட்டு, அந்த அக்டோபர் இரவுக்கு வருகிறேன்.

அன்று காலை முதல் தென்மேற்கிலிருந்து மழை, விடவே இல்லை. மாலையில் காற்றும் சேர்ந்துகொண்டது. இருட்டிய பிறகு நான் போனபோது பிராம்பிள் கற்சுவரோரம் முதுகை வளைத்து, வாலை ஒடுக்கி வைத்து, நடுங்கிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நடுங்குவது தவறல்ல. தசை அப்படித்தான் சூடு உண்டாக்கும். ஒரு வலை நிறையப் புல்லைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சாப்பிட்டாள், நடுக்கம் நிற்கவில்லை. இடுப்புப் பக்கம் முடியைப் பிரித்து விரலை உள்ளே விட்டால், தோல் வரை ஈரம். வேரிலிருந்து நுனி வரை எல்லாமே ஊறிப்போயிருந்தது. காரணம் தெளிவு. ரோமம் பாதிதான் வந்திருந்தது. நீளமான மேல் முடி இன்னும் முழுதாக இல்லை. அந்தப் பாதி ரோமத்துக்கு 9 டிகிரி மழை, முழு ரோமத்துக்கு மைனஸ் 8 பனியைவிடக் கடுமை.

பக்கத்துப் பண்ணைக்காரர் தன் கல் கொட்டகையில் ஒரு தடுப்பை எங்களுக்காக விட்டு வைத்திருக்கிறார். அங்கே கூட்டிப்போய்ப் பழைய துண்டுகளால் அழுத்தி அழுத்தித் துடைத்தோம். பிறகு முதுகின் மேல் வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி, அதன் மேல் 0 கிராம் ரக்கைப் போட்டோம். இது லாயக்காரர்களின் பழைய வழக்கம். ஈரமான குதிரை மேல் ரக்கை நேராகப் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். இடையில் வைக்கோல் இருந்தால் ரக் முதுகில் ஒட்டாது, காற்று போய்வரும், ஆவி மேலேறும். மகள் "200 கிராம் போட்டா சீக்கிரம் சூடாகும்லப்பா?" என்றாள். அந்த நேரத்தில் பிராம்பிளுக்குத் தேவை பஞ்சு அல்ல, காய்வது. காய்ந்துவிட்டால் சூட்டை அவளே உண்டாக்கிக்கொள்வாள். படுக்கப் போகுமுன் மறுபடி போய்ப் பார்த்தபோது நடுக்கம் நின்றிருந்தது, முடி அடியில் காய்ந்து நிமிரத் தொடங்கியிருந்தது. மறுநாள் மதியம் மழை விட்டதும் ரக்கைக் கழற்றி வெளியே விட்டோம்.

ரக் கைக்கெட்டும் இடத்தில், அளவு சரிபார்த்து வைத்திருந்ததால்தான் அன்றிரவு சுலபமாயிற்று. நெஞ்சின் நடுவிலிருந்து பின்புறம் முடியும் இடம் வரை டேப் பிடித்தால் 175 சென்டிமீட்டர், கடைக் கணக்கில் 5 அடி 9 அங்குலம். ரக் வேண்டாம் என்று முடிவெடுப்பவரும் ஒரு நல்ல 0 கிராம் ரக்கை வாங்கி, செப்டம்பரில் ஒருமுறை போட்டுப் பார்த்து, தோளில் உரசுகிறதா என்று கவனித்து, மாட்டி வைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த இரவு இன்னொன்றையும் காட்டியது. எங்கள் புல்வெளியைச் சுற்றியுள்ள கற்சுவரின் உயரம் 1.4 மீட்டர். செம்மறி ஆட்டுக்கு அது போதும். 137 சென்டிமீட்டர் போனிக்கு முதுகு சுவரின் விளிம்போடு நிற்கிறது. காற்று நேராக முதுகைத் தடவிப் போகும். ஒதுங்க இடமே இல்லாத ஒரு போனியிடம் "உனக்கு ரக் தேவையில்லை" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆக, நவம்பரில் காற்றுத் தடுப்பு கட்டினேன். அந்தக் குளிர்காலத்தில் செய்ததிலேயே பயனுள்ள வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முழுக்க அடைத்த சுவர் வேண்டாம். அடைத்த சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் திறந்த வேலி காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைக்கும். அதன் பயன் வேலி உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைகூட எட்டும். இங்கே மாட்டுக் கொட்டகைகளின் பக்கச் சுவரில் பலகைகளை இடைவெளி விட்டு நிறுத்தி அடிப்பதும் இதே காரணத்துக்குத்தான். நான் 100 மில்லிமீட்டர் அகலப் பலகைகளை 75 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடித்தேன், கிட்டத்தட்ட 43 சதவீதம் திறப்பு. உயரம் 1.8 மீட்டர். இங்கிலாந்தில் சாலையோரம் இல்லாத இடத்தில் 2 மீட்டர் வரை வேலி போடப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. நில உரிமையாளரிடம் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வடிவம்தான் யோசிக்க வைத்தது. மழைக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குக்கு என்று இன்னொரு காற்று இருக்கிறது: ஹெல்ம். பிரிட்டனில் தனிப் பெயர் பெற்ற ஒரே காற்று இது என்பார்கள். வடகிழக்குக் காற்று பென்னைன் மலையைத் தாண்டி, கிராஸ் ஃபெல்லின் செங்குத்தான மேற்குச் சரிவில் உருண்டு, அடிவாரத்துக் கிராமங்களில் இரைச்சலோடு விழும். மலைமேல் ஒரு மேகத் தொப்பி உட்கார்ந்திருக்கும், சில மைல் தள்ளி அசையாத ஒரு மேகப் பட்டை நிற்கும். 1930களில் கோர்டன் மான்லி என்ற வானிலை அறிஞர் இந்த மலையிலேயே அளவிகள் வைத்து இதை ஆராய்ந்தார். ஆக, ஒரு திசைக்கு மட்டும் தடுப்புக் கட்டினால் இங்கே பாதி வேலைதான் முடியும். எல் வடிவில் கட்டினால் மூலையில் ஒரு போனியை இன்னொன்று மடக்கி உதைக்க இடமாகும். கடைசியில் மூன்று கைகள் நடுவில் சேரும் வடிவம், ஒவ்வொரு கையும் 4.5 மீட்டர். எந்தத் திசையில் காற்று வந்தாலும் ஒதுங்க ஒரு பக்கம் கிடைக்கும், கோணமும் விரிந்திருப்பதால் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

கம்பங்கள் 2.7 மீட்டர், அதில் 90 சென்டிமீட்டர் மண்ணுக்குள். இந்த நிலத்தில் ஒரு சாண் தோண்டினால் கல். கடப்பாரையால் வழி செய்துவிட்டுத்தான் கம்பத்தை இறக்க முடிந்தது. பலகைகளை ஆணி அடிக்காமல் திருகால் பொருத்தினேன். போனிகள் இதில் சாய்ந்து சொறிந்துகொள்ளும், ஆணி தளர்ந்து வெளியே வரும். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் வரை இடைவெளி விடாமல் குறுக்குப் பலகை. உதைத்தால் குளம்பு இடுக்கில் சிக்கக் கூடாது. வேலை முடிந்த அன்றே இருவரும் வந்து முகர்ந்து பார்த்தார்கள். முதல் காற்று இரவில் சரியான பக்கத்தைத் தாங்களே கண்டுபிடித்து நின்றார்கள்.

டிசம்பர் முதல் தினமும் இருட்டும் நேரத்தில் ஒரு சுற்று. காதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். காது குளிர்ந்திருப்பதற்கும் உடம்பு குளிர்ந்திருப்பதற்கும் பெரிய தொடர்பில்லை. முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் கையைச் சொருகு, கதகதப்பாக இருக்கிறதா? இடுப்பின் மேல் முடியைப் பிரி, தோல் காய்ந்திருக்கிறதா? தள்ளி நின்று பார், நிற்கும் தோரணை எப்படி? விலாவை மட்டும் வாரம் ஒருமுறை விரலால் எண்ணச் சொன்னேன். குளிர்கால ரோமத்தில் மெலிந்த குதிரையும் கொழுத்துத்தான் தெரியும், கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. முதல் நாள் மகள் போனியின் முழங்கைக்குப் பின்னால் கையை வைத்துவிட்டு, "என் கையைவிடச் சூடா இருக்குப்பா" என்றாள். அதற்குப் பிறகு பாவம் என்ற பேச்சு குறைந்துவிட்டது.

ஜனவரியில் நல்ல பனி. காலையில் போனால் பிராம்பிளின் முதுகில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைப் பனி உருகாமல் படிந்திருந்தது. அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை: உடம்புச் சூடு வெளியே கசியவில்லை. பனியைத் தள்ளிவிட்டு விரலை விட்டால் அடியில் வெதுவெதுப்பு. மைனஸ் 8 இரவுகளில் செய்த ஒரே மாற்றம், மாலைப் புல்லை 7 கிலோவிலிருந்து 9 ஆக்கியது. தொங்கு தராசில் நிறுத்து, வலையில் கட்டித் தடுப்பின் மறைவுப் பக்கம். உறைபனியும் வெயிலும் சேர்ந்த காலைகளில் புல்லில் சர்க்கரை ஏறியிருக்கும், அதனால் அந்த நாட்களில் மேய்ச்சலைவிட உலர்புல்லே நல்லது.

உண்மையில் சோதித்தது பனி இல்லை, மாத இறுதியில் வந்த ஆலங்கட்டி கலந்த மழை. 2 டிகிரி, பலத்த காற்று. ரக்கைத் தோளில் போட்டுக்கொண்டேதான் போனேன். மேல் முடி எல்லாம் ஈட்டி ஈட்டியாக நனைந்து சொட்டியது. முதுகெலும்பை ஒட்டி ஒரு கோடு மட்டும் ஈரம், மற்ற இடமெல்லாம் தோல் காய்ந்தே இருந்தது. நடுக்கம் இல்லை, வாயில் புல். ரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று அவள் நடுங்கியிருந்தால், புல் கொடுத்தும் நிற்காமல் இருந்திருந்தால், போட்டிருப்பேன். "இது மலைப் போனி, ரக் போடவே கூடாது" என்று பிடிவாதமாக நிற்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நார்வேயில் 23 குதிரைகளுக்கு அடையாளப் பலகைகளை மூக்கால் தொட்டு விருப்பம் சொல்லப் பழக்கினார்கள். அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பலகை போர்வை போடச் சொல்ல, இன்னொன்று கழற்றச் சொல்ல, வெற்றுப் பலகை இருப்பதே போதும் என்று சொல்ல. நல்ல வெயிலில் கழற்றச் சொன்ன குதிரைகள், மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லின. அவற்றின் தேர்வும் மழையையும் காற்றையும் பார்த்துத்தான் மாறுகிறது.

மெர்லின் விஷயத்தில் யோசிக்கவே இல்லை. அவனும் மலை இனம்தான், ரோமம் பிராம்பிளைவிட நீளம். ஆனால் அந்த நீளம் குஷிங் என்கிற சுரப்பி நோயால் வந்தது, நலத்தின் அடையாளம் அல்ல. இலையுதிர் காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்து உறுதியானது, தினமும் பெர்கோலைடு மாத்திரை. முதுகுத் தசை கரைந்துவிட்டது. கடைவாய்ப் பற்கள் பாதி இல்லாததால் நீளப் புல்லை மெல்ல முடியாது, வாயில் சுருட்டித் துப்பிவிடுவான். புல் மெல்ல முடியாதவனின் வயிற்று அடுப்புக்கு விறகு எங்கிருந்து வரும்? ஊறவைத்த நார்த் தீனி நாளுக்குப் பலமுறை, நவம்பர் முதல் மார்ச் வரை மழை இரவுகளில் 100 கிராம் ரக், உறைபனியில் 200. தினமும் ஒருமுறை முழுதாகக் கழற்றி, தோளிலும் பிடரிக்குக் கீழேயும் உரசல் இருக்கிறதா, பேன் இருக்கிறதா, மழைச்சிரங்கின் பொருக்கு தட்டுகிறதா என்று தடவிப் பார்ப்போம். ஒரே புல்வெளியில் ஒருவன் போர்த்திக்கொண்டும் ஒருத்தி போர்த்தாமலும் நிற்பது வழியில் நடந்துபோகிறவர்களுக்குக் கவலையாக இருந்தது. ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். கோபப்படவில்லை நான், அக்கறையால் வந்தவர். கதவில் ஒரு அட்டை எழுதி மாட்டினோம்: அவள் ஏன் போடவில்லை, அவன் ஏன் போட்டிருக்கிறான், கவலை என்றால் எங்களை எப்படி அழைப்பது.

சவாரி நாட்களில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். முழு ரோமத்தோடு ஓடினால் வியர்வை அடி அடுக்கை உள்ளிருந்து நனைக்கும். வெளி மழையைத் தடுக்கும் மேல் முடியால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சவாரி காலையில் மட்டும், திரும்பும் கடைசி ஒரு மைல் நடை, வந்ததும் ஈரம் உறிஞ்சும் துணியைப் போட்டுக் காயும்வரை கொட்டகையில் நிறுத்தி வைத்தல். தோல் காயாமல் மாலையில் வெளியே விடுவதில்லை.

பிப்ரவரி கடைசியில் ஹெல்ம் வந்தது. நாள் கணக்கில் நிற்காத இரைச்சல், ஆனால் மழையில்லாத காற்று. தடுப்பின் தென்மேற்குப் பக்கம் புல் வலைகளை மாற்றினேன், ரக் தேவைப்படவில்லை.

மார்ச் நடுவில் ரோமம் உதிரத் தொடங்கியது. மறுபடி டேப். சுற்றளவு 164, நீளம் அதேதான், எடை 333. விலா லேசாகத் தொட்டாலே கிடைத்தது, கழுத்தின் விளிம்பு தளர்ந்திருந்தது. கால்நடை மருத்துவர் தடுப்பூசி போட வந்தபோது தடவிப் பார்த்து, இந்த நிலையிலேயே வசந்தப் புல்லுக்குள் விடலாம், நேரத்தை மட்டும் அளந்து விடுங்கள் என்றார்.

அடுத்த குளிர்காலத்துக்குள் முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தடுப்பு நன்றாக வேலை செய்ததால் இருவரும் அங்கேயே நின்றார்கள், அடியில் மண் கணுக்கால் ஆழத்துக்குச் சேறாகிவிட்டது. ஃபெல் இனத்துக்குக் காலடியில் நீளமான மயிர்க் கொத்து உண்டு; அதில் சேறு தங்கினால் தோல் வெடித்துப் புண்ணாகும். மூன்று கைகளைச் சுற்றியும் மேல்மண்ணைச் சுரண்டி, நெய்த வடிகால் துணி விரித்து, உடைகல்லும் அதன் மேல் மணலும் போடப்போகிறேன். ஆகஸ்ட்டில் தரை காய்ந்திருக்கும்போது செய்வதாக உத்தேசம். கல்லுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று. 0 கிராம் ரக்கைச் சோப்புத்தூள் இல்லாமல் அலசி, நீர்புகா மருந்து தடவி, தளர்ந்திருந்த மார்புக் கொக்கியை மாற்றித் தைத்து, கொட்டகைச் சுவரில் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.